செம்மறியின் குருதியில் நோயின் வேரைத் தேடியவர்: விக்டர் பாபெஷ்

வன்னிப் பெருநிலப்பரப்பில் ஆடு, மாடு வளர்ப்போருக்கு உண்ணி புதிய விடயமன்று. மாட்டின் அருகே நின்று உண்ணி பொறுக்கும் வெண்ணிறப் பறவைக்கு உண்ணிக்கொக்கு என்று பெயரிட்டுவிட்ட மொழி எமது மொழி. பட்டி திறக்கும் காலைவேளையில் ஆட்டின் காதையும் வாலடியையும் விரலால் தடவிப் பார்த்து உண்ணி களைவது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் கிராமங்களில் இன்றும் காணக்கூடிய காட்சியாகும். எனினும், உண்ணி குருதியை உறிஞ்சுவதோடு நின்றுவிடுவதில்லை என்பதும், உறிஞ்சும்போதே கண்ணுக்குத் தெரியாத வேறோர் உயிரை விலங்கின் உடலுக்குள் செலுத்திவிட்டுப் போகின்றது என்பதும் மனித குலம் மிக அண்மையிலேயே அறிந்துகொண்ட உண்மைகளாகும். அந்த அறிவின் முதற் கதவைத் திறந்தவர் ருமேனிய நாட்டு வைத்திய அறிஞரான விக்டர் பாபெஷ். அவர் மறைந்து ஒரு நூற்றாண்டு ஆகின்றது. செம்மறி ஆடுகளைக் கொல்லும் உண்ணிக் காய்ச்சலின் கிருமி இன்றும் அவரது பெயரையே தாங்கி நிற்கின்றது.

அவரைப் பற்றி எழுதத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. 2011 ஆம் ஆண்டு மீள்குடியேறிய வன்னிக் கிராமம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். வாழ்வாதார உதவியாக நான்கு ஆடுகளைப் பெற்ற குடும்பத் தலைவி ஒருவர், அவற்றுள் மூன்று ஒரு மாதத்துக்குள்ளேயே இறந்துபோனதைக் கூறினார். வெளி மாவட்டத்திலிருந்து லொறியில் கொண்டுவந்து இறக்கப்பட்ட ஆடுகள் அவை. தீன் எடுக்காது, காய்ச்சல் கண்டு, மூச்சு வாங்கி விழுந்தனவாம். அதே வேலியோரத்தில் மேய்ந்த அயலவரின் நாட்டாடுகளுக்கு ஒன்றும் நேரவில்லை. இறந்த ஆடுகளின் உடலில் உண்ணி மொய்த்திருந்ததாகவும் அவர் சொன்னார். அவற்றின் குருதியை எவரும் எடுத்துப் பரிசோதிக்கவில்லை. ஆகவே அவை இன்ன நோயால்தான் இறந்தன என்று கூற எனக்கு உரிமையில்லை. ஆயினும், வந்த ஆடு சாவதும் இருந்த ஆடு பிழைப்பதும் ஏன் என்ற அந்தப் பெண்மணியின் கேள்வி, 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் சிறந்த ஆய்வுகூடங்களைத் திணறடித்த கேள்வியாகும்.

விக்டர் பாபெஷ் 1854 ஆம் ஆண்டு ஜூலை மாதம் வியன்னா நகரிற் பிறந்தார். தந்தையார் வின்சென்ஷியு பாபெஷ் பனாட் பிரதேசத்தைச் சேர்ந்த ருமேனியர். சட்டத்தரணி, பத்திரிகையாளர், அரசியலாளர். அன்றைய ஹப்ஸ்பேர்க் பேரரசின் ஆட்சியில் சிறுபான்மையினராக வாழ்ந்த ருமேனிய மக்களின் மொழியுரிமைக்காகவும் சமய உரிமைக்காகவும் வாழ்நாள் முழுவதும் வாதாடியவர். ருமேனியக் கல்விக்கழகத்தின் தொடக்க உறுப்பினர்களுள் அவரும் ஒருவர். வீட்டில் ஒரு மொழி, பாடசாலையில் இன்னொரு மொழி, அரச அலுவலகத்தில் வேறொரு மொழி என்ற சூழலில் வளர்ந்தவர் விக்டர். அத்தகைய வாழ்க்கை எத்தகையது என்பதை எமது வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

இளமையில் அவரது நாட்டம் வைத்தியத்தின்பால் இருக்கவில்லை. புடாபெஸ்ட் நகரில் நாடகக் கலை பயிலத் தொடங்கினார். அன்புச் சகோதரி அல்மா காசநோயால் இறந்தமையே அவரை மேடையிலிருந்து வைத்தியக் கல்லூரிக்குத் திருப்பியது என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். வியன்னாவிலே வைத்தியக் கலாநிதிப் பட்டம் பெற்ற பின்னர் பாரிஸ், பேர்லின் நகரங்களுக்குச் சென்று லூயி பாஸ்டர், ரொபேர்ட் கொக், விர்ச்சோ போன்ற மேதைகளின் கூடங்களிற் பயின்றார். நுண்ணங்கியியல் என்னும் துறை தவழத் தொடங்கிய காலம் அது. 1882 இல் காசநோய்க் கிருமியைக் கொக் கண்டறிந்தார். 1885 இல் பாஸ்டர் விசர்நாய்க் கடிக்கு ஊசி ஏற்றிச் சிறுவன் ஒருவனைக் காப்பாற்றினார். அதே 1885 இல் பாபெஷ், பிரெஞ்சு அறிஞர் கோர்னிலுடன் இணைந்து பற்றீரியாக்கள் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். தொற்றுநோய்க் கிருமிகளைப் பற்றி முழுமையாக எழுந்த முதல் நூல்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகின்றது. அப்போது அவருக்கு வயது 31.

பாரிசிலோ பேர்லினிலோ தங்கியிருந்தால் அவருக்குக் குறையேதும் இருந்திராது. ஆயினும் 1887 இல் ருமேனிய அரசு அழைத்தபோது அதனை ஏற்றுப் புக்காரெஸ்ட் சென்றார். அவர் பிறந்து வளர்ந்த மண் அதுவன்று. சுதந்திரம் பெற்றுப் பத்தாண்டுகளே ஆகியிருந்த வறிய விவசாய நாடு அது. அங்கு நோயியல், நுண்ணங்கியியல் பேராசிரியராகவும் புதிதாக நிறுவப்பட்ட ஆய்வு நிறுவனத்தின் தலைவராகவும் பொறுப்பேற்றார். மறு ஆண்டிலேயே விசர்நாய்க் கடிக்கான தடுப்பூசியை ருமேனியாவில் ஏற்றத் தொடங்கினார். நோயெதிர்ப்புப் பெற்ற விலங்கின் குருதியை வேறோர் உயிருக்குச் செலுத்திக் காப்பாற்றலாம் என்ற கருத்தையும் 1889 அளவிலேயே பரிசோதித்தார். பின்னாளில் அதே வழியில் நடந்து நோபல் பரிசு பெற்றவர் ஜேர்மனியரான பெஹ்ரிங்.

அவரது பெயரை நிலைநிறுத்திய பணி, மாட்டுப் பட்டிகளிலும் ஆட்டுப் பட்டிகளிலுமே நிகழ்ந்தது. டானூப் நதியின் தாழ்நிலங்களில் மேய்ந்த மாடுகள் காய்ச்சல் கண்டு, சிவந்த சிறுநீர் கழித்து, சில நாட்களிலேயே மடிந்துகொண்டிருந்தன. 1888 இல் அந்நோயை ஆராயப் புகுந்த பாபெஷ், நோயுற்ற மாட்டின் குருதியைக் கண்ணாடி வழுக்கியிற் பூசிச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தார். செங்குழியங்களின் உள்ளே மிகச் சிறிய உருண்டை வடிவங்கள் தென்பட்டன. குருதிக் கலத்தின் வெளியே மிதப்பனவாக அன்றி, அதன் வயிற்றுக்குள்ளேயே குடியிருந்து பெருகுவனவாக அவை இருந்தன. கலம் வெடிக்கும்போது சிதறும் செந்நிறப் பொருளே சிறுநீரைச் சிவக்க வைக்கின்றது என்பது புலனாயிற்று.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1892 இல், செம்மறிகளின் முறை வந்தது. ருமேனிய ஆயர்கள் கார்ச்சாக் என்று அழைத்த கொள்ளைநோய் அது. கார்பேத்திய மலைகளில் கோடையைக் கழித்துவிட்டு டானூப் தாழ்நிலங்களுக்கும் கருங்கடற் கரையிலுள்ள டொப்ருஜாவுக்கும் மந்தைகளை ஓட்டிச் செல்வது அந்நாட்டு ஆயர்களின் பழைய வழக்கம். டொப்ருஜாவில் துருக்கிய, தாத்தார் முஸ்லிம்களும் ருமேனியக் கிறிஸ்தவர்களும் அயலவர்களாய் ஆடு மேய்த்து வாழ்ந்தனர். மந்தை மடிந்தால் இரு சாராரின் அடுப்பும் அணைந்தது. கார்ச்சாக் கண்ட செம்மறிகளின் குருதியிலும் மாட்டில் கண்டதை ஒத்த சிறு உயிரியைப் பாபெஷ் கண்டறிந்தார். மறு ஆண்டு ஸ்டார்கோவிச்சி என்பவர் இவ்வுயிரிகளுக்குப் பாபெஷின் நினைவாகப் பபேசியா என்று பெயர் சூட்டினார். மாட்டில் வாழ்வது பபேசியா போவிஸ், செம்மறியில் வாழ்வது பபேசியா ஓவிஸ்.

இவ்வளவு கண்டவர் இரண்டு விடயங்களைத் தவறவிட்டார். முதலாவது, தாம் கண்டது பற்றீரியா வகையைச் சார்ந்தது என்று எண்ணினார். உண்மையில் அது மலேரியாக் கிருமியைப் போன்ற ஒருகல ஒட்டுண்ணி. இரண்டாவது தவறு பெரிது. அக்கிருமி எந்த வழியாக ஆட்டின் உடலுக்குட் புகுகின்றது என்பதை அவர் காணவில்லை. குருதியை எடுத்த அதே ஆட்டின் தோலில் அந்த வழி கொழுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

அதைக் கண்டவர் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் இருந்தார். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து வடக்கே ஓட்டிச் செல்லப்பட்ட மாடுகள் நலமாகவே இருக்க, அவை நடந்த வழியில் மேய்ந்த வடக்கத்திய மாடுகள் செத்து விழுந்தன. டெக்சாஸ் காய்ச்சல் என்று அதற்குப் பெயர். உண்ணியே இதற்குக் காரணம் என மாட்டுக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்தனர். கற்றோர் அதை எள்ளி நகையாடினர். தியோபால்ட் ஸ்மித் என்ற இளம் வைத்திய ஆய்வாளர் மட்டும் அந்தப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டார். 1889 இன் கோடையில் வாஷிங்டன் நகருக்கு அருகே கில்போர்ன் என்ற மிருக வைத்தியரோடு சேர்ந்து வயல்களுக்கு வேலியிட்டார். ஒரு வயலில் உண்ணியுள்ள தென்னக மாடுகளை வடக்கத்திய மாடுகளுடன் விட்டார். இன்னொரு வயலில், உடலைத் தடவித் தடவிக் கையாலேயே உண்ணி முழுவதையும் களைந்த பின்னர் தென்னக மாடுகளை விட்டார். மற்றொன்றில் தென்னக மாடே இல்லை. புல்லில் உண்ணிகள் மட்டும் தூவப்பட்டன. உண்ணி இருந்த வயல்களில் வடக்கத்திய மாடுகள் மடிந்தன. உண்ணி களையப்பட்ட வயலில் அவை பிழைத்தன. தாய் உண்ணியின் முட்டையிலிருந்து ஆய்வுகூடத்திற் பொரித்த குஞ்சுகளே நோயைக் கொடுத்தன என்பதையும் அவர் காட்டினார். அதாவது, உண்ணி தன் பிள்ளைகளுக்கே கிருமியைச் சீதனமாகக் கொடுத்துவிடுகின்றது. 1893 இல் இம்முடிவுகள் அச்சாகின. நுளம்பு மலேரியாவைக் காவுவதை ரொனால்ட் ரொஸ் 1897 இல் காட்டுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, பூச்சி இனத்தை ஒத்த ஓர் உயிரி இத்தகைய கிருமியைக் காவும் என்பது நிறுவப்பட்டுவிட்டது. செம்மறிக் காய்ச்சலைக் காவும் உண்ணி எது என்பதை ருமேனியாவின் மோட்டாஸ் 1903 இல் வெளிப்படுத்தினார்.

இருவரையும் ஒப்பிட்டுப் பாபெஷைத் தாழ்த்துவது எனது நோக்கமன்று. ஸ்மித் தமது பணியைத் தொடங்குமுன்னரே குருதிக்குள் கிருமி இருக்கின்றது என்று சொன்னவர் பாபெஷ். நுணுக்குக்காட்டியில் எதையெல்லாமோ கண்டு குவித்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். கிருமியைக் கண்டால் நோயைக் கண்டதாயிற்று என்பது அத்தலைமுறையின் நம்பிக்கை. ஆயினும் டானூப் கரையின் ஆயர்களுடன் சில மாலைப்பொழுதுகளை அவர் கூடுதலாகக் கழித்திருந்தால் உண்ணியின் பெருமையும் ருமேனியாவுக்கே கிடைத்திருக்கக்கூடும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இனி, அந்த வன்னிப் பெண்மணியின் கேள்விக்கு வருவோம். உண்ணி நிறைந்த நிலத்தில் பிறக்கும் குட்டிக்கு இளமையிலேயே கிருமி சிறிதளவில் ஏறிவிடுகின்றது. தாய்ப்பாலின் காவலும் இளமையின் வலிமையும் இருப்பதனால் பெரும்பாலும் அது நோயைத் தாங்கி நிர்ப்பீடனம் பெறுகின்றது. அதன் பின்னர் கிருமி குருதியில் மிகச் சிறு அளவில் தங்கியிருந்தாலும் விலங்கு நலமாகவே மேயும். உண்ணியே அறியாத நிலத்தில் வளர்ந்த விலங்கு அந்த மேய்ச்சல் தரைக்கு வந்தால் அதற்கு எந்தக் காவலும் இல்லை. காய்ச்சல் 41, 42 பாகை செல்சியசுக்கு ஏறும், கண்ணிமை வெளிறும், பின்னர் மஞ்சளாகும், சினை ஆடு கன்றை இழக்கும், சிறுநீர் செந்நீராகும். மறுதலையாக, வந்த விலங்கே தன் உடலிலுள்ள உண்ணியோடு புதிய கிருமியைக் கொண்டுவந்து ஊர்ப் பட்டியை அழிப்பதும் உண்டு. டெக்சாஸ் மாடுகள் செய்தது இதையே.

துருக்கி, ஈரான், பாகிஸ்தான், இந்தியா ஆகிய நாடுகளில் செம்மறி, வெள்ளாடுகளிடையே நடந்த கணக்கெடுப்புகளில், இந்நோய்க்கு ஏதுவாகும் காரணிகள் திரும்பத் திரும்ப ஒரே முகத்துடனேயே தோன்றுகின்றன: உடலில் உண்ணி இருப்பது, உண்ணி மருந்து ஒழுங்காக இடப்படாமை, உண்ணி பெருகும் வெப்ப காலம், வெளியினக் கலப்பு, பல மந்தைகள் ஒரே தரையில் மேய்தல், சந்தையில் வாங்கியதைத் தனியே வைக்காது பட்டியில் அன்றே சேர்த்துவிடுதல். நாம் கைவைக்கக்கூடியது கடைசிக் காரணியில்தான் எளிது. அதற்குப் பணமும் அதிகம் வேண்டியதில்லை, ஒரு வேலி போதும்.

எமது நாட்டு மாடுகளின் குருதியில் பபேசியா இனங்களும் அவற்றின் உறவான தைலேரியாவும் இருப்பது ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. மாட்டின் கிருமி ஆட்டுக்கு ஏறுவதில்லை, ஆட்டினது மாட்டுக்கும் பொதுவாக ஏறுவதில்லை; ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கிருமியும் தனித்தனி உண்ணியும் உள. வன்னியில் செம்மறியிலும் பார்க்க வெள்ளாடே அதிகம். யாழ்ப்பாணச் செம்மறி என வழங்கும் நாட்டினம் உருவிற் சிறியது, இறைச்சி குறைவு. ஆனால் வரட்சிக்கும் வெயிலுக்கும் தாங்கும். பெரிய உடலும் அதிக பாலும் கொண்ட வெளியினங்களைக் காட்டி அதனைக் கைவிடச் சொல்லும் ஆலோசனை எங்கெல்லாம் எழுகின்றதோ, அங்கெல்லாம் உண்ணியைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்பது நன்று.

2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது வன்னியில் பட்டி என்று சொல்லத்தக்கது அநேகமாக எவரிடமும் இருக்கவில்லை. ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் செட்டிகுளம் முகாம்களில் இருந்தனர். உரிமையாளரை இழந்த மாடுகள் வெளிகளில் அலைந்தன. அதற்கு முன்னரே, 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் விட்டுச் சென்ற வீடு வளவுகளும் பட்டிகளும் காடு மண்டிப்போயிருந்தன. பற்றை மண்டிய நிலம் உண்ணிக்கு அரண்மனை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இரு சமூகத்தவரும் திரும்பி வந்து வாழ்வைத் தொடங்கியபோது, ஆடே பலருக்கும் முதல் மூலதனமாயிற்று. விதவைப் பெண் ஒருவருக்கு நான்கு ஆடு என்பது பிள்ளைகளின் பாடசாலைச் செலவு. அது மடியுமானால் அரச ஏட்டில் உதவி வழங்கப்பட்டதாகவே பதிவு இருக்கும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரங்களிலும் கோயில் வேள்விக் காலங்களிலும் ஆடுகள் மாவட்டம் விட்டு மாவட்டம் பயணம் செய்கின்றன. உழ்ஹிய்யாவுக்குரிய விலங்கு நோயற்றதாக, குறையற்றதாக இருத்தல் வேண்டும் என்பது மார்க்கம் விதித்த நிபந்தனை. நேர்த்திக் கிடாயைத் தேர்வோரும் ஊனமுள்ளதை ஒதுக்குவர். கண், கால், கொம்பு பார்க்கும் கை, காதின் உட்புறத்தையும் புரட்டிப் பார்த்தால் உண்ணி தென்பட்டுவிடும். அறுபடும் ஆட்டிலிருந்து விழும் உண்ணியும் விற்காமல் வீடு திரும்பும் ஆட்டின் உண்ணியும் அவ்வூர்த் தரையிலேயே முட்டையிடும். விலங்கு நோய்களைக் கட்டுப்படுத்துவதற்கென 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் இருக்கின்றது. உதவித் திட்டங்களுக்கு ஆடு கொள்வனவு செய்வோர், வந்த ஆடுகளை இரண்டு மூன்று வாரமாவது புறம்பாக வைத்து உண்ணி நீக்கிய பின்னர் கையளிப்பதை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையாக எழுதுவதற்குத் தடை ஏதுமில்லை.

இறக்கும் ஆட்டின் காதோரத்திலிருந்து ஒரு துளிக் குருதியைக் கண்ணாடி வழுக்கியிற் பூசிக் காயவைத்தால் அது கெடாது. சாயமிட்டுப் பார்க்க நுணுக்குக்காட்டி ஒன்றே வேண்டும். 1888 இல் பாபெஷிடம் இருந்ததும் அதுவே. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கின்றது. ஒவ்வொரு பிரதேசத்திலும் மிருக வைத்திய அலுவலகம் இருக்கின்றது. நோய் முற்றுமுன் அறியப்பட்டால் இமிடோகார்ப் போன்ற மருந்துகள் பயன் தரும். முற்றிய பின்னர் தருவதில்லை.

பாபெஷ் தமது பிற்காலத்தில் வறிய விவசாயிகளின் நோய்களிலேயே கருத்தைச் செலுத்தினார். சோளத்தையே உண்டு வாழ்ந்த ருமேனியக் குடியானவர்களை வாட்டிய பெலாக்ரா, தொழுநோய், காசநோய் ஆகியன பற்றி அவர் எழுதியவை ஏராளம். 1893 இல் ருமேனியக் கல்விக்கழகத்தின் உறுப்பினரானார். தந்தையின் கனவு பலித்து, முதலாம் உலகப் போரின் முடிவில் திரான்சில்வேனியா ருமேனியாவுடன் இணைந்தபோது, 1919 இல் குளூஜ் நகரின் புதிய ருமேனியப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராகக் கற்பித்தார். 1926 ஒக்டோபர் 19 ஆம் திகதி புக்காரெஸ்டிற் காலமானார். மறு ஆண்டு அவரது மருமகன் ஒருவர், சகோதரரின் புதல்வரான அவுரெல் பாபெஷ், பெண்களின் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைக் கலப் பரிசோதனை மூலம் கண்டறியும் முறையை அதே நகரில் அறிவித்தார். அப்புகழ் பின்னர் வேறொருவருக்குச் சென்றது தனிக்கதை.

குளூஜ் நகரில் ருமேனியப் பல்கலைக்கழகமும் ஹங்கேரியப் பல்கலைக்கழகமும் 1959 இல் ஒன்றாக்கப்பட்டபோது, ருமேனியரான பாபெஷின் பெயரையும் ஹங்கேரியக் கணித மேதை பொல்யாயின் பெயரையும் இணைத்தே அதற்குச் சூட்டினர். அமெரிக்கா 1906 இல் தொடங்கிய உண்ணி ஒழிப்பு இயக்கத்தால் 1943 அளவில் டெக்சாஸ் காய்ச்சலை ஏறத்தாழ முற்றாக விரட்டிவிட்டது. செம்மறியின் பபேசியா ஓவிஸ் அவ்வாறு விரட்டப்படவில்லை. துருக்கியிலும் ஈரானிலும் பால்கன் நாடுகளிலும் ஒவ்வொரு கோடையிலும் அது மந்தைகளைத் தேடி வருகின்றது.